தேர் வீதியில் கார்களைக் குறைத்து நடப்பவர்களுக்கு இடம் தருவது எப்படி?

குடந்தைவாசி எழுதியது:

வணக்கம். கும்பகோணத்தில் கோயில் மதிலை ஒட்டிய ஒரு வீதியில் எங்கள் குடும்பம் வசிக்கிறது. கீழே கடை, மாடியில் குடியிருப்பு என்ற பழைய அமைப்பு இவ்வீதியில் இன்னும் பாதியளவு மிஞ்சியிருக்கிறது. சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை அளந்தால் அகலம் சுமார் 11 மீட்டர். ஒரு பக்கம் கார்கள் நீளவாக்கில் நிற்கின்றன. எதிர்ப்பக்கம் இருசக்கர வண்டிகள் குறுக்காக நிற்கின்றன. வடிகால் மூடிகளின் மேல் கடைகளின் பலகைகளும் அட்டைப்பெட்டிகளும் அடுக்கப்பட்டிருக்கின்றன. எஞ்சிய நடுப்பகுதியில்தான் இரு திசை வாகனங்களும், பூக்கூடைக்காரர்களும், கோயிலுக்கு வருகிறவர்களும், பள்ளி விட்டு வரும் பிள்ளைகளும் ஒருவரையொருவர் ஒதுங்கிச் செல்ல வேண்டியிருக்கிறது.

குடியிருப்பவர்களும் சில கடைக்காரர்களும் சேர்ந்து மாநகராட்சிக்கு ஒரு மனு கொடுக்கலாம் என்று பேசி வருகிறோம். வாகனங்களை அடியோடு தடை செய்வது எங்கள் எண்ணம் அன்று. வீதியைக் குறுக்குவழியாகப் பயன்படுத்தும் வாகனங்களை வேறு வழியில் திருப்பிவிட்டு, நாள் முழுவதும் வண்டி நிறுத்துவதைக் கட்டுப்படுத்தி, நடக்கவும் நின்று பேசவும் பொருள் வாங்கவும் இடம் உண்டாக்க வேண்டும் என்பதே கோரிக்கை. 2016 பிப்ரவரியில் மகாமகம் நடந்தபோது நகருக்கு வெளியே தற்காலிகப் பேருந்து நிலையங்களை அமைத்து, உள்வீதிகளை நடப்பவர்களுக்கே விட்டிருந்தார்கள். அதைவிடப் பெரிய கூட்டத்தை இந்த ஊர் வேறெப்போதும் தாங்குவதில்லை. அடுத்த மகாமகம் 2028இல் வருகிறது. எப்படியும் அதற்கு முன்னால் சாலைகளும் வடிகால்களும் தோண்டப்படும். பழையபடியே தார் போட்டு மூடிவிடுவதற்குள் எங்கள் கோரிக்கை போய்ச் சேர வேண்டும்.

வணிகம் பாதிக்கப்படுமா, ஆண்டுதோறும் தேர் வருகிற வீதியில் நடைபாதையை எப்படி அமைப்பது, இதற்கு யாரிடம் எந்தச் சட்டத்தின்படி கேட்க வேண்டும் என்பவற்றை விவரம் அறிந்தவர்கள் எழுதினால் மனுவைத் திருத்தமாக எழுத முடியும்.


மூன்றாம் தலைமுறைக் கடைக்காரர் எழுதியது:

ஐயா, நான் பாத்திரக் கடை நடத்துகிறவன். தங்கள் நோக்கத்தை மறுக்கவில்லை. ஆனால் இப்படிப்பட்ட திட்டங்களை வரைகிறவர்கள் கடைத்தெருவில் கைப்பையோடு உலாவுகிற வாடிக்கையாளரை மட்டும் மனத்தில் வைத்து வரைகிறார்கள். எங்களிடம் வருகிறவர்கள் சீர்வரிசைக்கு அண்டா, குத்துவிளக்கு, தவலை என்று ஒரு வண்டி நிறையப் பொருள் வாங்குகிறவர்கள். வலங்கைமான், பாபநாசம், திருப்பனந்தாள், ஜெயங்கொண்டம் பக்கங்களிலிருந்து வேன் பிடித்துக் குடும்பமாக வருவார்கள். அந்த வேன் கடை வாசலில் கால் மணி நேரம் நிற்க முடியாது என்றால், அவர்கள் புறவழிச்சாலையில் நிறுத்துமிடத்தோடு கட்டப்பட்ட பெரிய கடைக்குப் போய்விடுவார்கள். ஒருமுறை அங்கே பழகிவிட்ட குடும்பம் அடுத்த கல்யாணத்துக்கு இங்கே திரும்பாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2004 ஜூலை 16ஆம் நாள் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகளை இழந்த ஊர் இது. வீதியில் கற்தூண் நட்டு, தொட்டிகள் வைத்து அழகுபடுத்துகிறோம் என்று யார் சொன்னாலும், தீயணைப்பு வண்டி எந்த வழியாக வரும் என்ற கேள்விக்கு முதலில் பதில் சொன்ன பிறகே மற்றதைப் பேச வேண்டும்.

நியாயமாகச் சொல்வதானால், காலை ஒன்பதரை மணிக்கு வந்து இரவு ஒன்பது மணிக்குப் போகிற வண்டிகளில் பெரும்பங்கு வாடிக்கையாளர்களுடையவை அல்ல. கடை முதலாளிகளும் ஊழியர்களும் கொண்டுவந்து நிறுத்துபவை. சங்கக் கூட்டத்தில் இதை எடுத்தால் யாரும் விரும்புவதில்லை.


ஓய்வுபெற்ற சாலைப் பொறியாளர், மயிலாடுதுறை எழுதியது:

கடைக்காரர் ஐயா கடைசியாக எழுதிய பத்தியில்தான் இந்தச் சிக்கலின் முடிச்சு இருக்கிறது. ஒரு கார் நிற்க இரண்டரை மீட்டர் அகலமும் ஐந்து மீட்டர் நீளமும் ஒதுக்குகிறோம். அதாவது பன்னிரண்டரைச் சதுர மீட்டர். அதே இடத்தில் ஆறு இருசக்கர வண்டிகள் நிற்கும். நாள் முழுவதும் ஒரே கார் நின்றால் அந்த இடம் ஒரே ஒருவருக்குத்தான் பயன்படுகிறது. கால் மணி நேரத்துக்கு ஒரு வண்டி என்று மாறினால் அதே இடம் ஒரு நாளில் முப்பது, நாற்பது குடும்பங்களுக்குப் பயன்படும். எனவே வாடிக்கையாளரின் வேனைக் காப்பாற்ற வேண்டுமானால் முதலில் வெளியேற்ற வேண்டியது முதலாளியின் காரைத்தான். வீதியில் நிறுத்துவதற்கு மணிக்கணக்கில் கட்டணம் வைத்து, முதல் அரை மணிக்குக் குறைவாகவும் அடுத்தடுத்த மணிகளுக்கு ஏறுமுகமாகவும் வாங்கினால், நாள் முழுக்க நிற்கும் வண்டிகள் தாமே வேறிடம் தேடும். அந்த வேறிடத்தை நடந்து வரக்கூடிய தூரத்தில் மாநகராட்சி காட்டியாக வேண்டும்; அது இல்லாமல் கட்டணத்தை மட்டும் கொண்டுவந்தால் சண்டைதான் மிஞ்சும்.

இனி 11 மீட்டரைப் பங்கிடுவோம். நடுவே 4 மீட்டர் ஒருவழிப் பாதை; தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்சும் செல்ல எந்நேரமும் அது தடையின்றி இருக்க வேண்டும். அதன் ஒரு பக்கத்தில் 2 மீட்டர் பட்டை: சரக்கு இறக்குவது, வேன் நிற்பது, பூக்கடை, மரம் எல்லாம் அந்தப் பட்டைக்குள் மாறி மாறி வரும். மீதி இரு ஓரங்களிலும் தலா இரண்டரை மீட்டர் நடைபாதை. இந்தியச் சாலைப் பேரவை தன் ஐ.ஆர்.சி. 103 வழிகாட்டுநெறியில் நடைபாதையின் தடையற்ற அகலம் குறைந்தது 1.8 மீட்டர் என்கிறது. கடைகளுக்கு முன்னால் அதைவிட அதிகம் வேண்டும், ஏனெனில் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்து நிற்பவர் நடப்பவரின் வழியை அடைத்துவிடுவார். ஒருவழியாக்கினால் மட்டும் போதாது என்பதையும் கவனியுங்கள். நேராக ஊடுருவிச் செல்லும் ஒருவழி, வேகத்தைக் கூட்டிவிடும். வீதியின் பாதியில் பக்கத் தெரு வழியாக வெளியே திருப்பிவிடும்படி அமைத்தால், வேலை உள்ள வண்டிகள் மட்டும் உள்ளே வரும். குறுக்குவழி தேடுபவர்களுக்கு இந்த வீதியால் பயன் இல்லாமல் போகும்.

தேரைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இதில்தான் வெளியூர் வரைபடங்கள் இங்கே பொருந்தாமல் போகின்றன. உயர்த்திக் கட்டிய ஓரக்கல் தேர்ச்சக்கரத்துக்கு இடையூறு. எனவே நடைபாதையும் வண்டிப்பாதையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். எது யாருக்கு என்பதைக் கல்லின் நிறத்தாலும் சொரசொரப்பாலும் காட்டலாம். தூண்களைத் தரையில் பதித்த குழாய்க்குள் செருகி, திருவிழாவுக்கு முதல்நாள் கழற்றிவிடும்படி அமைக்க வேண்டும். தரைக்கு மெல்லிய ஓடுகளும் சிமென்ட் கட்டைகளும் ஆகா. திருவாரூர் ஆழித்தேர் ஏறத்தாழ 300 டன் என்பார்கள். நம் வீதித் தேர்கள் அவ்வளவு இல்லை என்றாலும், ஓடும் தேரை நிறுத்தவும் திருப்பவும் சக்கரத்தின் கீழ் முட்டுக்கட்டை போடும்போது அந்தக் கட்டை தரையை அரைத்து இழுக்கும். அந்த அழுத்தத்துக்கு ஈடு கொடுக்கக் கனமான கருங்கல் பலகையோ, கம்பி வைத்த கான்கிரீட்டோ வேண்டும். மேலே செல்லும் மின்கம்பிகளையும் அதே வேலையோடு தரைக்கடியில் கொண்டுபோய்விட வேண்டும். 2022 ஏப்ரல் 27 அன்று தஞ்சாவூர் அருகே களிமேட்டில் தேர் உயர் மின்னழுத்தக் கம்பியில் உரசி 11 பேர் இறந்ததற்குப் பிறகு இதை ஒத்திப்போடுவதற்குக் காரணம் சொல்ல முடியாது.

ஒரே மட்டம் என்றவுடன் மழைநீர் கடைக்குள் வரும் என்ற அச்சம் எழும். காவிரிக்கும் அரசலாற்றுக்கும் நடுவே தட்டையாகக் கிடக்கிற ஊர் இது. வடிகாலுக்குக் கிடைக்கிற சரிவு மிகக் குறைவு. ஆனால் கடைகளுக்குள் நீர் வருவதற்குப் பெரிய காரணம் ஒவ்வொரு முறையும் பழைய தாரின் மேலேயே புதுத் தார் போட்டு வீதியை உயர்த்தியதுதான். பழைய பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில் போட வேண்டும் என்று 2021 மே மாதத்தில் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டார். உங்கள் வீதியில் வாசற்படிகளில் எத்தனை மண்ணுக்குள் புதைந்திருக்கின்றன என்று பாருங்கள். அந்த அளவுக்கு வீதியை இறக்கிய பிறகே மேல்வேலை தொடங்க வேண்டும் என்று மனுவில் எழுதுங்கள். கம்பிச் சட்டமிட்ட ஓர வடிகாலைக் கையால் திறந்து வண்டல் எடுக்கும்படி அமைக்காவிட்டால் ஐப்பசி மழையிலேயே அடைத்துக்கொள்ளும்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தூண்களால் இருசக்கர வண்டிகளைத் தடுக்க முடியாது. சக்கர நாற்காலி செல்ல 90 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும்; அந்த இடைவெளியில் மோட்டார் சைக்கிள் தாராளமாக நுழையும். அதைச் சில மாதங்களுக்குக் காவலர் ஒருவர் நின்றுதான் பழக்க வேண்டும்.


வலங்கைமான் ஆசிரியை எழுதியது:

கடைக்காரர் ஐயா எங்கள் ஊரைக் குறிப்பிட்டதால் எழுதுகிறேன். வேன் பிடித்து வருவது கல்யாணத்துக்கு. மற்ற நாட்களில் நாங்கள் நகரப் பேருந்தில்தான் வருகிறோம். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால், முன்பு மாதத்துக்கொரு முறை சேர்த்து வாங்கிய பொருளை வேண்டும்போது வந்து வாங்கிப் போகும் பெண்கள் என் தெருவிலேயே பலர் இருக்கிறார்கள். இவர்கள் எந்தக் கணக்கெடுப்பிலும் வாகனமாக எண்ணப்படுவதில்லை. கடையின் கல்லாவில் மட்டும் எண்ணப்படுகிறார்கள்.

எங்களுக்கு உங்கள் வீதி மட்டும் நன்றாக இருந்து பயனில்லை. பேருந்து நிலையத்தில் இறங்கியதிலிருந்து உங்கள் வீதியின் முனை வரை வருவதற்குள் உயிர் போகிறது. நடைபாதை என்று இருப்பது இருபதடிக்கு ஒருமுறை இறங்கி ஏறுகிறது. முழங்கால் வலி உள்ள என் தாயார் அதனாலேயே சாலையில் இறங்கி நடக்கிறார். மேலே எழுதிய பொறியாளர் ஐயா 1.8 மீட்டர் கணக்கை அந்தச் சாலைக்கும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். மனுவில் வீதியோடு நிறுத்தாமல், பேருந்து நிலையத்திலிருந்து வீதிக்கு வரும் வழி முழுவதையும் சேர்த்துக் கேளுங்கள்.

நிழலும் கழிப்பறையும் இல்லாமல் பெண்கள் எந்தக் கடைத்தெருவிலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்க மாட்டார்கள். கருங்கல் பாவிய வீதியில் பங்குனி வெயிலில் பகல் பன்னிரண்டு மணிக்கு யார் நடப்பார்கள்? வேம்பும் புங்கையும் வளர்ந்து நிழல் தர ஆண்டுகள் ஆகும். அதுவரை கடைகளின் முன்னால் தொடர்ச்சியாகப் பந்தல் இருந்தால் போதும். திருவிழாவுக்குப் போடத் தெரிந்த ஊருக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. உட்காரச் சில திண்ணைகளும் வேண்டும். பழைய வீடுகளில் அவை இருந்தன. முன்பக்கத்தைக் கார் கொட்டகை ஆக்கியபோது இடித்துவிட்டார்கள்.


தஞ்சை வழக்கறிஞர் எழுதியது:

சட்டப் பக்கத்தைச் சொல்கிறேன். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, பொதுமக்களின் பாதுகாப்பையும் வசதியையும் கருதி ஒரு பகுதியிலோ சாலையிலோ வாகனங்களைத் தடை செய்யவோ கட்டுப்படுத்தவோ மாநில அரசுக்கும் அதனால் அதிகாரம் பெற்ற அமைப்புக்கும் இடம் தருகிறது. அந்தக் கட்டுப்பாடு ஒரு மாதத்துக்கு மேற்படாது என்றால் அரசிதழில் வெளியிட வேண்டியதில்லை. உள்ளூரில் தக்கபடி அறிவித்தாலே போதும். எனவே நிரந்தர மாற்றத்தைக் கேட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதைவிட, ஒரு மாத வெள்ளோட்டம் கேட்பது எளிது. கோபன்ஹேகன் நகரின் ஸ்ட்ரோயட் கடைத்தெருவையே 1962இல் வெள்ளோட்டமாகத்தான் கார்களுக்கு மூடினார்கள். 1964இல்தான் அது நிரந்தரமாயிற்று. தேவைப்படுவது தடுப்புகளும் சுண்ணாம்புக் கோடும் மட்டுமே என்பதால் கல் பாவுவதற்கு முன்பே குறைகள் தெரிந்துவிடும்.

இனி, நடைபாதை அகலமானால் முதலில் துரத்தப்படுகிறவர் தரைக்கடைக்காரர். 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டத்தின்படி, கணக்கெடுப்பு முடிந்து சான்று வழங்கும்வரை யாரையும் அகற்றக் கூடாது. இடம் மாற்றுவதானால் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். அந்தச் சட்டத்தின்படி ஊர்தோறும் அமைக்கப்படும் நகர விற்பனைக் குழுவில் வியாபாரிகள் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். பூ, வெற்றிலை, பழம் விற்பவர்களின் இடங்களை அந்த 2 மீட்டர் பட்டையில் எண்ணிட்டுக் காட்டி, அவர்களையும் மனுவில் கையெழுத்திட வையுங்கள். அவர்கள் எதிர்த்தரப்பாக நீதிமன்றம் போனால் திட்டம் அங்கேயே நின்றுவிடும். உங்கள் பக்கத்துக்கு வலுவாக ஒன்று இருக்கிறது: தடையற்ற நடைபாதை அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதத்தில் கூறியிருக்கிறது.

சென்னை பாண்டி பஜாரில் 2019இல் திறந்த நடைவளாகத்தை எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். தில்லி சாந்தினி சவுக்கைச் சொல்வார்கள். பின்னதில் செங்கோட்டை முதல் ஃபதேபுரி மசூதி வரை 1.3 கிலோமீட்டர் தூரத்துக்குக் காலை 9 முதல் இரவு 9 வரை மோட்டார் வாகனங்கள் கூடாது என்பது விதி. அந்த விதி எழுதப்பட்டதைவிட, நாள்தோறும் காக்கப்படுகிறதா என்பதே அங்கு ஓயாத சச்சரவு. இரண்டும் பெருநகரங்கள். வீடும் கடையும் கோயிலும் ஒரே வீதியில் கலந்திருப்பதற்கு நாம் திருவரங்கத்தின் சித்திரை வீதிகளையும் உத்திர வீதிகளையும் பார்த்தாலே போதும். நம் ஊர்களில் அந்தக் கலப்பைப் புதிதாக உண்டாக்க வேண்டியதில்லை, மிஞ்சியிருப்பதை அழியாமல் வைத்திருந்தால் போதும்.

அதற்குக் குறுக்கே இரண்டு விஷயங்கள் நிற்கின்றன. ஒன்று, 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் புதுக் கட்டடத்துக்குள் வாகன நிறுத்துமிடம் கேட்கின்றன. முகப்பு குறுகி, கொல்லை வரை நீண்டு கிடக்கும் பழைய மனைகளில் அதைக் கொடுக்க வேண்டுமானால் தரைத்தளத்தின் முன்பகுதியைத்தான் கொடுக்க வேண்டும். ஆசிரியை அம்மா சொன்ன திண்ணை அப்படியும் போகிறது, கடையும் போகிறது. அதற்கு அஞ்சி மாடிகளைச் சரக்கறையாக விட்டுவிட்டுக் குடும்பங்கள் புறநகர்களுக்குக் குடிபோய்விடுகின்றன. கடை மூடிய பின் ஆள் இல்லாத வீதியில் எவ்வளவு கல் பாவினாலும் யாரும் நடக்கப்போவதில்லை. பழைய வீதிகளுக்கு இந்த விதியிலிருந்து விலக்குக் கேட்பதைத் தனி மனுவாகவே எழுதலாம்.

மற்றொன்று வாடகை. வீதி அழகானால் சந்தை வாடகை ஏறும். உங்கள் வீதியில் கோயிலுக்கும் மடத்துக்கும் சொந்தமான கடைகள் இருக்குமானால், 1959ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையங்கள் சட்டத்தின் 34-ஏ பிரிவு சந்தை வாடகையை ஒட்டிக் குத்தகையை அவ்வப்போது திருத்தச் சொல்கிறது. கல்யாண மாலை கட்டுபவரும் குங்குமம் விற்பவரும் முதலில் தாக்குப்பிடிக்க மாட்டார்கள். அவர்களுடைய இடத்துக்குத் துணிக்கடைக் கிளைகள் வந்தபின் அதை நடைவீதி என்று சொல்லலாம், கோயில் வீதி என்று சொல்ல முடியாது. இதற்கு எளிய தீர்வு எனக்குத் தெரிந்து இல்லை. சிறு கடைகளுக்கு வாடகை உயர்வைப் படிப்படியாக்கும்படி வெள்ளோட்டத்துக்கு முன்பே அறநிலையத் துறையிடம் கேட்பது ஒரு தொடக்கம்.


குடந்தைவாசி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. மனுவை ஒரு மாத வெள்ளோட்டமாகத் திருத்தி எழுதத் தொடங்கிவிட்டோம். பேருந்து நிலையத்திலிருந்து வரும் வழியையும், புதைந்த வாசற்படிகளின் அளவையும் சேர்க்கிறோம். முகூர்த்தம் இல்லாத புரட்டாசியில் வைத்தால் யாருக்கும் இடையூறு இருக்காது என்று எங்களில் சிலர் சொல்கிறார்கள். சரியாக இருக்குமா?


மூன்றாம் தலைமுறைக் கடைக்காரர் எழுதியது:

புரட்டாசி வேண்டாம் ஐயா. அந்த மாதத்தில் பாத்திர வணிகம் எப்படியும் படுத்துத்தான் கிடக்கும். விற்பனை குறைந்ததற்குத் தடுப்புகளே காரணம் என்று எங்கள் ஆட்களே சொல்லிவிடுவார்கள். வணிகம் குறைவான மாதத்தில் நெரிசல் தீர்ந்தது என்று நீங்கள் சொன்னாலும் நாங்கள் நம்ப மாட்டோம். பங்குனியில் வையுங்கள். சம்பா அறுவடைப் பணம் மக்கள் கையில் இருக்கும், முகூர்த்தம் உண்டு, மழைத் தொல்லை இல்லை. வெயிலுக்கு அம்மா சொன்னபடி பந்தல் போட்டாக வேண்டும். எங்கள் கடை முன்னால் போடும் செலவை நான் ஏற்கிறேன். சென்ற பங்குனியின் பில் எண்ணிக்கையையும் இந்தப் பங்குனியின் எண்ணிக்கையையும் கடைகள் மூடிய உறையில் கொடுத்தால், யார் கணக்கும் வெளியே தெரியாமல் மொத்தத்தை ஒப்பிடலாம். தொகையை யாரும் கொடுக்க மாட்டார்கள், எண்ணிக்கையைக் கொடுப்பார்கள்.

காலை பத்து மணி வரை சரக்கு இறக்கவும், அதன்பின் வேன்கள் கால் மணி நேரம் நிற்கவும் அந்த 2 மீட்டர் பட்டையில் இடம் உண்டு என்பதையும், ஊழியர்களின் வண்டிகள் எங்கே நிற்கும் என்பதையும் மனுவின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். அவை இரண்டும் எழுத்தில் இருந்தால் சங்கத்தில் கையெழுத்து வாங்க நானே உங்களோடு வருகிறேன்.